இருநூற்றுப் பன்னிரண்டாவது ஒலி

கேக்கின் மேல் சர்க்கரையில் செய்த நீர்நாய்.
கையெழுத்து முடிந்ததும்
தோர்கெய்ர் கத்தியைக் கழுத்தில்தான் வைத்தார்,
வேறெங்கே வைப்பதென்று தெரியாமல்.
கைதட்டினோம்.
பெர்கனில் அன்றும் மழை.

பதினேழு வருஷம் மாலை ஆறு மணிக்கு
பத்தே நிமிஷம் தொலைக்காட்சியில் வந்துபோன லுப்பி
இனி, மீன் துறைமுகத்துப் பழைய உப்புக் கிடங்கில்
ஏழு பேர் நடத்தும் விளையாட்டுக் கம்பெனியில்
எங்கள் நாற்பது சதவீதம்.

லுப்பியின் தொண்டை குன்வோருடையது.
வயது அறுபத்தொன்று. இருமல் மிட்டாயும்
வெந்நீரும் இல்லாமல் மைக் முன்னால் நிற்கமாட்டாள்.
பட்டியலை நீட்டினேன்.
வாக்கியம் ஒன்றுகூட இல்லை.
மூன்று சிப்பி சேர்ந்தால் ஒரு 'ஹை!'
நான்கு சேர்ந்தால் இன்னும் நீளமாய்.
தோற்றால் ஒரு விம்மல், ஆனால் பார்த்து,
பிள்ளை மனசு வெறுத்து மூடிவிடும் அளவுக்கு வேண்டாம்.
"கதை எங்கே?" என்றாள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நான் பொத்தான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தாளில் எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
நிகழ்ச்சி முடியும்போது தினமும் சொல்வாளே:
"போதும் கண்ணு, எனக்கும் தூக்கம் வருது.
நீயும் போ."
அதன்மேல் சிவப்புக் கோடு.
போய்வா என்கிற பிராணிமேல்
யார் பணம் போடுவார்?

அவள் கோட்டைப் பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.
நானும் பதிவை நிறுத்தவில்லை.
கோப்புக்கு 'இருமல்' என்று பெயரிட்டு
மற்றவற்றோடு அனுப்பிவிட்டேன்.

ஜனவரிப் புயலில் கம்பிகள் அறுந்தன.
அஸ்கோய் தீவு முழுக்க இணையம் செத்தது.
மூன்றாவது சிப்பிமேல் விரல் வைத்தபடி
எத்தனை பிள்ளைகளோ.
வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது.
லுப்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு
போதும் கண்ணு, என்றது.

உப்புக் கிடங்கின் இல்வாவுக்கு இருபத்து நான்கு வயது.
கணக்குப் போடுங்கள்,
மாலை ஆறு மணிக்கு அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று.
ஆட்டம் முடியவே முடியாதபடி எழுதச் சொன்னார்கள்.
எழுதினாள்.
முடிய ஒரே ஒரு வழி, தொடர்பு அறுவது;
கோப்பை அங்கே வைத்தாள்.

படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் ஒரு தாய்
எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார்:
மகன் டேப்லெட்டைத் தலையணையில் கிடத்தி
போர்வை இழுத்துவிட்டு
விளக்கை அணைத்தானாம்.
கோளாறா, இதை இப்படியே விட்டுவைக்க முடியுமா
என்று கேட்டிருந்தார்.

திங்கட்கிழமை, திரையில் வரைபடம்.
ஏறு ஏறென்று ஏறிய கோட்டில் ஒரு பள்ளம்.
புயல் ஓய்ந்து இணையம் வந்த பிறகும்
விடியும்வரை யாரும் திரும்பவில்லை.
"இது என்ன?" என்றார் தோர்கெய்ர்.
இல்வா காப்பிக் கோப்பைக்குள் பார்த்தாள்.
"இருமல்" என்றேன் நான்.

அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள்.
இப்போதெல்லாம் இணையம் போனால்
லுப்பி எதுவும் சொல்வதில்லை.
கண் இமைக்காமல்
காத்திருக்கிறது.