மீதி

சான் அந்தோனியோ துறைமுகத்துக்கு மேலே
குன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் தொழிற்பள்ளியில்
வரலாற்றுக்கு இருந்த அறையைக் காலிசெய்து
நான்கு நாற்காலிகள் போட்டார்கள்.
இரு கைப்பிடியிலும் நெம்புகோல்,
எதிரே வளைந்த மூன்று திரை.
உட்கார்ந்தால் நாற்பது மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள்.
எழுந்தால் தரை அங்கேயே இருக்கும்.

வாரத்துக்கு எட்டு மணி நேரம் கணக்குச் சொல்லித்தந்தவன் நான்.
இப்போது ஐந்து.
மிச்ச மூன்றுக்கு இந்த அறையில் மேற்பார்வை.
கிரேன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
தெரியவேண்டாம் என்றார் தலைமையாசிரியை:
"மார்க்கை அதுவே போடும், எலியேசர்.
நாற்காலியில் உட்கார்ந்து யாரும் எம்பனாதா தின்னாமல்
பார்த்துக்கொண்டால் போதும்."

இயந்திரத்துக்குள் ஒரு பட்டியல்.
காற்று, பூஜ்யம் முதல் ஒன்பது வரை.
மூடுபனி. அலை. இரவு.
கம்பிவடம் அறுதல்.
லாரி இடம் மாறி நிற்றல்.
யெர்கோ ஒரு மத்தியானம் முழுக்கத் தேடிவிட்டுக் கேட்டான்:
"ஸ்ட்ரைக் எதுல சார் இருக்கு?"
அவன் அப்பா சங்கத்து ஆள்.
வகுப்பே சிரித்தது. நானும்.

நயரெத் கிலோத்ரான் மட்டும் திரும்பவே இல்லை,
பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.
முப்பத்தொரு விநாடி. பள்ளியில் அதற்குக் கீழே யாரும் போனதில்லை.
லாரியின் முதுகில் கன்டெய்னர் உட்காரும்போது
ஒரு சத்தம் வரவேண்டும், வராது.
அவளே வாயால் "டக்" என்பாள்.

அக்டோபரில் துறைமுகக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர்.
புத்தம்புதுத் தலைக்கவசம்,
வகுப்புக்குள் வந்தும் கழற்றவில்லை.
எதிர்காலம் என்று பதினொரு தடவை சொன்னார்கள்,
எண்ணுவது என் தொழில்.
இன்னும் சில வருஷத்தில் உச்சிக்கு யாரும் ஏறவேண்டாம்,
குளிர் கிடையாது, முட்டிவலி கிடையாது,
சாந்தியாகோவில் கண்ணாடிக் கட்டடம், காபி மெஷின்,
அங்கிருந்தே ஒரு ஆள் மூன்று கிரேன் ஓட்டலாம்.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
போகும் முன் ஆளுக்கொரு படிவம்:
"இப்பாடம் நாளைய பணியிடத் தேவைக்குப் பொருந்துகிறதா?"

நயரெத் 'ஆம்' என்பதில் டிக் போட்டாள்.
பிறகு தாளைத் திருப்பினாள்.

கிரேன் ஒன்பது.
ஆளுக்கு மூன்று என்றால் மூன்று ஆள்.
மூன்று ஷிப்ட், ஒன்பது ஆள்.
நாங்கள் இருபத்துநாலு.
ஒரு கோடு.
மீதி பதினைந்து.

அதற்கும் கீழே, பொடி எழுத்தில்:
இது இந்த வருஷத்து வகுப்பு மட்டும்.

பிழை தேடி இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.
லீவு, காய்ச்சல் என்று ஓரிருவரைச் சேர்க்கலாம்.
விடை அப்படியொன்றும் நகராது.
பழகிய கை, சிவப்பு மையில்
'சரி' போட்டுவிட்டது.
போட்ட பிறகுதான் உறைத்தது
அது கம்பெனிக்குப் போகவேண்டிய தாள்.

வெள்ளை மை தேடினேன், காய்ந்திருந்தது.
அப்படியே உறையில் வைத்து ஒட்டினேன்.
துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள்.
இருபத்துமூன்று தாள் போனால்
தலைமையாசிரியை எண்ணிப்பார்ப்பார்.

திங்கட்கிழமை பேய்க்காற்று.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் மூடிக்கிடக்கிறது.
ஒன்பது கிரேனும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன,
கேள்வி என்னவென்று மறந்துபோன பிள்ளைகள் மாதிரி.
மீன்சந்தைப் பக்கம் கடல்சிங்கங்களின் கத்தல்.

உள்ளே வேலை நடக்கிறது.
யெர்கோ காற்றை ஏழில் வைத்துப் பழகுகிறான்.
நயரெத் மணியடிக்கும் முன்பே வந்துவிட்டாள்.
அந்தத் தாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
டக்.
டக்.
இருபத்தெட்டு விநாடி.
திரை பச்சையாகிறது.
அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள்
சத்தம் வராமல்
எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.