கறுக்கும்வரை

மண்ணடிச் சந்தில் நெய்னா கடையில்
பேர் தெரிந்த மைகளுக்கு முன்வரிசை, கண்ணாடிக் கதவு.
மற்றவை பின்னால்,
பசை டப்பாவுக்கும் துருப்பிடித்த பஞ்சிங் மெஷினுக்கும் நடுவே.
அதில் நாலு வாங்கினேன்.
நாலுக்கும் ஒரே பேனா, ஒரே நீள நோட்டு,
ஒரே வரி:
வஞ்சிரம் 8 கிலோ, பாக்கி.

முதலில் பச்சை.
இழுக்கும்போது பாசி நிறம்,
வளைவில் தேங்கினால் இன்னொன்று.
எட்டின் இடுப்பில் மட்டும் இருட்டியது.
அரைமணி நேரம் எட்டாகவே போட்டுக்கொண்டிருந்தேன்.
ஆனால் காயாது.
காசிமேட்டுக் காற்றே பாதி தண்ணி;
கிலோ எழுதி ரூபாய்க்கு வருவதற்குள்
உள்ளங்கை ஓரமெல்லாம் வஞ்சிரம்.

அடுத்தது லேபிள் இல்லாத கருநீலம்,
இருமல் மருந்து பாட்டிலில்.
வைத்த இடத்தில் நிற்கிற சாதியில்லை அது.
தாளின் நார் பிடித்து ஓடி
எழுத்துக்கு எழுத்து மீசை வைத்தது.
மறுபக்கமும் இறங்கி
சங்கரா எடுத்தவன் தலையில் இறாலைக் கட்டியது.
அந்தோணிராஜ் விடிகாலை நாலு மணிக்கு
நோட்டை என் முகத்துக்கு நேரே பிடித்துக் கத்தினான்.
நியாயம்தான்.

மூன்றாவது இரும்பு மை.
எழுதும்போது வெறும் சாம்பல்,
அரிசி களைந்த தண்ணி மாதிரி.
ஏமாந்தோம் என்று மூடிவிட்டேன்.
ஏலம் முடிந்து டீ குடித்து வந்து திறந்தால் கருப்பு.
மத்தியானம் அதைவிடக் கருப்பு.
ஐஸ் பெட்டி ஒழுகி நோட்டு ஊறிய அன்று
நெத்திலிக் கணக்கில் ஒரு புள்ளிகூட அசையவில்லை.
"நிப்பைத் தின்னும், வாரம் ஒருக்கா கழுவிடு"
என்றிருந்தார் நெய்னா.
முதலாளிக்குப் பிடித்துப்போனது.
மையை இல்லை, அசையாததை.

நாலாவது ஊதா.
இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்.
பேனா தாளைத் தொடுகிறதா என்றே தெரியாது,
அவ்வளவு இழைவு.
கீறாது, திக்காது, மீசை விடாது,
ஊதுவதற்குள் காய்ந்துவிடும்.
ஒரே குறை:
தண்ணி பட்டால் இருந்த இடம் தெரியாது.
மீன் ஏலத்தில் இதை வைத்து எவனாவது கணக்கு எழுதுவானா?

எழுதினேன்.
லாஞ்சுக்காரர், ஏற்றுமதிக்காரர், ஓட்டல்காரர்
எல்லாரும் இரும்பில்.
கூடை தூக்கும் ஐந்து பேர் மட்டும் ஊதாவில்.
யாரிடமும் சொல்லவில்லை.
மழை என்று ஒன்று இருக்கிறதே என்று
ஒரு எண்ணம், அவ்வளவுதான்.

வந்தது. ஐப்பசி கடைசியில்
ஷெட்டின் ஓட்டை ஷீட் வழியாக நேரே மேஜைமேல்.
இரும்பு வரிகள் இறால் மீசைபோல விறைப்பாக;
நடுவில் ஐந்து இடத்தில்
நாவல்பழம் தின்ற நாக்கு.

மழை விட்ட மூன்றாம் நாள்
கொருக்குப்பேட்டை ஞானசௌந்தரி வந்தாள்.
சுருக்குப்பையை அவிழ்த்து
"ஆயிரத்தி எழுநூத்தி நாப்பது. சரியா பாரு" என்றாள்.
என் ஞாபகத்தில் எழுநூறோடு சரி.
பார்ப்பதுபோல் பார்த்தேன்.
அவளும் எட்டிப் பார்த்தாள்.
"இன்னாது இது, கலரு நல்லாக்கீது."
அப்புறம் மேலே, கீழே, பக்கத்தில்
அழியாமல் நிற்கும் பேர்களைப் பார்த்தாள்.
படிக்கத் தெரியாதவளுக்கும்
கருப்பு எது, ஊதா எது என்று தெரியும்.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
கேன்டீன் பக்கம் யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.

"என் பேர இன்னொரு வாட்டி எழுது.
அவங்களுக்கு எழுதுறியே, அதுல.
துட்டையும் எழுது.
தந்துட்டேன்னு அதே மையில குறுக்க ஒரு கோடு போடு."

எழுதினேன். கோடும் போட்டேன்.
சாம்பலாகத்தான் இருந்தது.

கூடையைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு
அது கறுக்கும்வரை
நின்றாள்.