இடக்கை

எங்கள் கம்பெனியில் இடது கைகள் மட்டும்தான்.
ஒரு நாளைக்கு எழுநூறு.
வலது கை எங்கே என்று முதல் வாரம் கேட்டதற்கு
செக்கிங் டேபிளே சிரித்தது.
கோல்ஃப் ஆடுகிறவனுக்கு ஒரு கைக்குத்தான் உறை,
மற்றது வெறுங்கை, என்றாள் ஷமீலா.
எவ்வளவு மிச்சம் பாரேன் என்றேன்.

பையர் அனுப்பிய காலண்டர்
மேல்விஷாரத்து வெக்கையில் ஓரம் சுருண்டு
கம்ப்ரஸர் பக்கத்தில் தொங்குகிறது.
மாதத்துக்கு ஒரு படம். எல்லாம் சாம்பியன்ஷிப்,
எல்லாம் மறக்க முடியாத தருணமாம்.
நான் அதில் சீட்டுத் தேதியும்
சிலிண்டர் வந்த நாளும் குறித்து வைப்பேன்.

ஏப்ரலில் ஒருவன் எகிறுகிறான்.
ஒரு செங்கல் உயரம்கூட இல்லை,
அதற்கே அந்த ஊர் ஜனம் வாய்பிளக்கிறது.
ஜூலைக்காரன் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி
ஓடையில் நிற்கிறான், பந்து தண்ணீருக்குள்.
கைக்கு வந்ததைக் கடைசிக் குழியில் விட்டவன்,
எபனேசர் சார் சொன்னார்.
எனக்குப் பட்டது வேறு:
ஓடையில் தண்ணீர் இருக்கிறது.
போன வெள்ளத்துக்கு அப்புறம் பாலாற்றில்
நாங்கள் கணுக்காலும் நனைக்கவில்லை.

ஆகஸ்டில், எதிராளி அடிக்க வேண்டிய கடைசிச் சின்ன அடியை
அடிக்கவே வேண்டாம் என்று
குறிக்காசை எடுத்துக் கொடுக்கிறான் ஒருவன்.
தவறிவிட்டால் மனசு உடையும் என்று.
ஆட்டம் சமன்.
சமனுக்கா படம் போட்டான் என்று கேட்டுவிட்டு
கட்டிங் செக்‌ஷன் சிகாமணி
தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அதையே பார்ப்பான்.

கறுப்பு வெள்ளையில் ஒருவர்
மேசைமுன் உட்கார்ந்திருக்கிறார்.
அடித்தது மூன்று. கூட ஆடியவர் எழுதியது நான்கு.
சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.
மூன்றை ஊரே பார்த்தது,
காகிதம் நான்கு என்றது.
அந்த மாதம் முழுக்க
அந்தப் பக்கம் நான் நேராகப் பார்க்கவில்லை.
இருநூற்றுப் பதினாறை
இருநூற்று அறுபத்தொன்று என்று எழுதி
கீழே என் நம்பர் இருபத்தேழையும் போட்டு
அரைநாள் சம்பளம் போன மாதம் அது.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.
பன்னிரண்டு படத்திலும் கையில் உறை இல்லை.
முஷ்டி உயர்த்துகிறவன், தொப்பி கழற்றுகிறவன்,
தோற்றவனைக் கட்டிக்கொள்கிறவன்,
எல்லாம் வெறுங்கை.
கடைசி அடி மெல்லத் தட்டுவது,
விரலுக்குப் பிடி தெரியணும்,
கழற்றிவிடுவார்கள் என்றார் சார்.

சரி.
ஆட்டுத்தோலை அரை மில்லிமீட்டருக்குச் சீவி
கட்டைவிரல் மடிப்பில் ஊசித்துளை தேடி
கண் எரிய எரிய நாங்கள் அனுப்புவது,
அந்தத் தருணம் வருவதற்குச் சற்று முன்னால்
உருவிப் போடுவதற்கு.

டிசம்பரைத் திருப்பியபோதுதான் கவனித்தேன்.
முதுகு காட்டி நிற்கிறவனின் பின் பாக்கெட்டில்
வெள்ளையாக நாலு விரல் எட்டிப் பார்க்கிறது.
எங்களுடையது இல்லை. படம் பழசு,
கம்பெனி தொடங்கி ஒன்பது வருஷம்தான்.
இருந்தாலும் ஷமீலாவைக் கூப்பிட்டேன்.
வந்தாள், கண்ணைச் சுருக்கினாள்,
மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போனாள்.

மோதிர விரல்ல தையல் இழுத்திருக்கு, என்றாள்.
ரிஜெக்ட்.