மூன்றிலா, மூன்றுக்குப் பிறகா

புதன்கிழமை பொம்மை.
இடுப்பு வரை ரப்பர், அதற்குக் கீழே துணி சுற்றிய கட்டை.
கழுத்து திருகாமல் பக்கவாட்டில் உருட்டு,
அவ்வளவுதான் பாடம்.
தோளுக்கு, இடுப்புக்கு, காலுக்கு ஒவ்வொருவர்,
முதுகைத் தடவிப் பார்க்க ஒருவர்.
எண்ணுவது மட்டும் தலையைப் பிடித்தவர்.
மற்றவர்களுக்கு வாய் கிடையாது.

ரூடி எண்ணினான்.
மூன்று என்றதும் பாதிப் பேர் இழுத்தோம்.
மூன்று முடியட்டும் என்று பாதிப் பேர் நின்றோம்.
பொம்மை தரையில் விழுந்து
அதன் தாடை கழன்று மேசைக்கடியில் உருண்டது.
சிரித்தோம்.
சிஸ்டர் தொலாகெலே சிரிக்கவில்லை.
"இவனைக் கொன்றது லாரி இல்லை," என்றார்,
"இலக்கணம்."

மாதக் கடைசி வெள்ளி.
டர்பனில் சம்பளமும் மழையும் ஒரே இரவில் இறங்கின.
உம்கேனி சாலையில் ஒரு டாக்ஸி கவிழ்ந்திருந்தது.
எனக்குத் தரையில் மஞ்சள் நாடா ஒட்டிய இடம், சுவரோரம்.
வெள்ளைப் பலகையில் நேரம் எழுதுவது என் வேலை.
11.42 வருகை.
11.43 மூச்சு இரு பக்கமும்.
பெயருக்கான கட்டத்தில்:
தெரியாத ஆண், எண் மூன்று.

டாக்டர் ஷெஸி சொல்வதை யாராவது திருப்பிச் சொல்ல வேண்டும்.
திரும்பி வராத சொல் சொல்லாத சொல்.
"ரத்தம் இரண்டு பை."
"ரத்தம் இரண்டு பை."
ஃபீனிக்ஸ் கோயிலில் சனிக்கிழமைதோறும்
கொட்டாவி விட்டபடி பாடிய பஜனை நினைவில் வந்தது.
பின்பாட்டு வராமல்
முன்பாட்டு அடுத்த வரிக்கு நகராது.

பக்கத்து அறைக் கதவு திறந்தது.
தலையைப் பிடித்திருந்தவரை அங்கே இழுத்துக்கொண்டார்கள்.
"பலகை!" என்றார் ஷெஸி, திரும்பாமலே.
"தலைக்கு வா."
என் பெயர் அவருக்குத் தெரியாது.

ஒரு தலை இவ்வளவு கனக்கும் என்று
பொம்மை சொல்லவில்லை.
மழையில் நனைந்தும் சூடாக இருந்தது.
காதுமடலில் கண்ணாடித் தூள், சர்க்கரை போல.
என் உள்ளங்கைகளுக்கு நடுவே தாடை அசைந்தது.
"குபுஹ்லுங்கு."
வலிக்கிறது.
முதலாண்டு ஸூலூத் தேர்வில்
அடுத்த கேள்வியை மனப்பாடம் செய்திருந்தேன்: எங்கே?
பதில் வந்தால் என்ன செய்வதென்று
அந்தத் தாளில் இல்லை.

நான்கு ஜோடிக் கைகள் அவன்மேல் பதிந்து நின்றன,
ஷெஸியின் கைகளும் சேர்த்து.
யாரும் அசையவில்லை.
என்ன தாமதம் என்று நானும் காத்திருந்தேன்.
பிறகுதான் உறைத்தது,
தாமதம் நான்.

"மூன்றில்," என்றேன். "மூன்றுக்குப் பிறகு இல்லை."
"மூன்றில்," என்றன நான்கு முகக்கவசங்கள்.
ஒன்று.
இரண்டு.

கதவு திரும்புவதைப் போலத் திரும்பினான்.
ஒரு கை பிடரியிலிருந்து வால் எலும்புவரை இறங்கியது.
"காயம் இல்லை."
"காயம் இல்லை."
திருப்பிச் சொன்னவர்களில் என் குரல்தான் அதிகம்.

லிஃப்ட் அவனை மேலே கொண்டுபோனது.
அதற்குமேல் எனக்குத் தெரியாது.
நான்கு மணிக்கு ஒரு பெண் வந்து
செருப்பில்லாத கால்களோடு வரவேற்பு மேசையில் நின்று
பேகுமூசி, பேகுமூசி என்றாளாம்.
பிரெகாசன் சொன்னான்.
மூன்றை அழித்துவிட்டு எழுதினேன்,
எழுத்துக்கூட்டித்தான்.

விடியலில் எல்லோரும் பலகை முன்னால் கூடினோம்.
ஷெஸி விரலால் கோடு பிடித்து வந்து நின்றார்.
"11.58. அப்புறம் 12.10.
நடுவில் பன்னிரண்டு நிமிஷம் எங்கே?
யார் எழுதியது இது?"

கையை உயர்த்தினேன்.
சட்டை விளிம்பிலிருந்து
ஒரு துளி கண்ணாடி உதிர்ந்தது.