மூணு களியக்காவிளை

ராணித்தோட்டம் டெப்போவில் பயிற்சி.
நாற்பது கண்டக்டர்கள். பாதிப்பேர்
இரவு டூட்டியின் மிச்சத் தூக்கத்தில்.
தாளில் சுற்றிய பழம்பொரி, ஆறிப்போன சாயா.

டெல்பின் மேடம் படம் எதுவும் போடவில்லை.
ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு
"இது உங்க பஸ்சில் ஜன்னல் சீட்டு" என்றார்.
"இருக்கிற பிள்ளையோட டிக்கெட் யார் கையில?
ஊர் கேட்டா யார் பதில் சொல்லுதா?
அவ போன் யார் பையில?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்:
"மேடம், சில்லறை குடுக்கவே நேரமில்ல."
எல்லோரும் சிரித்தோம்.
எனக்குப் பாதியில் நின்றுவிட்டது.

போன மாசியில், தக்கலையில்,
இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவன் ஏறினான்.
ஐநூறு ரூபாயை நீட்டி
"மூணு களியக்காவிளை" என்றான்.
மிச்சம் வேண்டாம் என்றான்.
வாங்கிக்கொண்டேன்.
பின்னால் இரண்டு பிள்ளைகள்.
அண்டி ஆபீசில் தோடு உடைத்துக்
கறுத்த விரல்கள்.
சின்னவள் கேட்டாள்:
"மாமா, ராத்திரி திரும்பி வர பஸ் உண்டா?"
"ஒம்பதரைக்கு லாஸ்ட்" என்றேன்.
அவன் சிரித்தான்.

அந்த ஒன்பதரை வண்டியும் என் வண்டிதான்.
பதினொரு பேர் ஏறினார்கள்.
மெஷினில் கணக்கு சரியாக இருந்தது.
நான் பார்த்தது அதை மட்டும்.

பயிற்சி முடிந்த மறுவாரம்
தலையில் துணி கட்டிய ஒரு பிள்ளை,
கூடவே ஒருவர்.
கேட்டது எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார்.
வண்டியை ஓரம் நிறுத்தச் சொன்னேன்.
பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்க
திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிச் சீட்டை
நடுங்கும் கையால் பிரித்துக் காட்டினார்.
அப்பா.
அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

போனில் மேடம் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னார்:
"அடுத்த தடவ பிள்ளைகிட்ட கேளுங்க.
மெதுவா.
ஜன்னல் ஷட்டரைத் தூக்கிவிடுற சாக்குல."

இப்போது மூணு என்றால்
மூன்று தனிச்சீட்டு அடிக்கிறேன்.
அவரவர் கையில்தான் கொடுப்பேன்.
"இங்க தாரும் ஓய்" என்பார்கள்.
"புது ரூல்" என்று பொய் சொல்கிறேன்.
நீளும் கைகளைப் பார்க்கிறேன்.
மருதாணிக் கை, மீன்வாடைக் கை,
மை ஒட்டிய பள்ளிக்கூடக் கை.

நேற்று, படந்தாலுமூட்டில்
ஒரு கை நீளவில்லை.
பக்கத்தில் இருந்தவன் முகத்தை
அவள் முதலில் பார்த்தாள்.

டிரைவர் கண்ணாடியில் என்னைத் தேடினார்.
விசில் என் வாயில் இருந்தது.
ஊதவில்லை.
ஷட்டரைத் தூக்கக் குனிந்தேன்.