காத்தோட்டை

மண்டைதீவு வெளிச்சவீடு தாண்டினாப் பிறகுதான்
நிக்கும்.
அதுக்கு முன்னம் ஒரு குறையும் சொல்லேலாது.
குருநகர்க் கரையிலை நாலுபேர் பாத்துக்கொண்டு நிண்டால்
முதல் இழுவையிலேயே பிடிக்கும்.

பதினைஞ்சு குதிரை. மாதகலிலை வாங்கினது.
வித்தவர் பொனிப்பாஸ். "புதுசு மாதிரி" எண்டார்.
எந்த வருசத்துப் புதுசு எண்டு நான் கேக்கேல்லை.

பெற்றோலிலை எழுப்பி
மண்ணெண்ணெய்க்கு மாத்தி
இருபது நிமிசம்.
பிறகு குரல் கம்மும், ரெண்டு செருமல்,
பதினைஞ்சும் ஒண்டாய்ப் படுத்திடும்.
அதுக்குப் பிறகு கேக்கிறது
போட்டின்ர வயித்திலை தண்ணி தட்டுற சத்தமும்
மச்சான் யூட் மூக்கை உறிஞ்சுறதும்.

பிளக்கைக் கழட்டினேன். கறுப்பு.
சாரத்தின்ர ஓரத்தாலை துடைச்சுப் பூட்டினேன்.
காபரேற்றரின்ர துவாரத்தைத்
தங்கூசி நூலாலை குத்தினேன்.
வடியிலை தண்ணி இருக்கோ எண்டு போத்தலிலை ஊத்தி
வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்தேன்.
பாசையூர் டெஸ்மன் காதை வைச்சுக் கேட்டுவிட்டு
"கொயில்" எண்டான்.
ஒன்பதினாயிரம். மாத்தினது.
வெளிச்சவீடு தாண்ட, நிண்டது.

யூட் யாகப்பருக்கு நேர்ந்தான்:
எழும்பினால் ஒரு கட்டு மெழுகுதிரி.
நேர்ந்துபோட்டு
எண்ணெய் எவ்வளவு கிடக்கெண்டு தாங்கி மூடியைத் திறந்து
எட்டிப் பாத்து மூடினான்.
இழுத்தேன். பிடிச்சது.
செவ்வாயும் அப்பிடித்தான். வியாழனும்.
மூண்டு கட்டுக் கடன்.

வெள்ளி, காத்து விழுந்து
கடல் விரிச்ச பாய் மாதிரிக் கிடந்தது.
நிண்ட உடனை கைப்பம்பைப் பிடிச்சேன்.
உருண்டை உருண்டையாய் இல்லை,
சுருட்டு இழுக்கிற ஆளின்ர கன்னம் மாதிரி
வத்தி ஒட்டிக் கிடந்தது.
"நேராதை" எண்டேன். "மூடியைத் திற."

ஸ்ஸ்ஸ் எண்டு
தாங்கி மூச்சு இழுத்தது.
சுழியோடி மேலை வாற மாதிரி.
என்ர நெஞ்சும் சேந்து இழுத்தது.
கைக்குள்ளை உருண்டை தன்பாட்டிலை நிமிந்தது.

மூடியிலை ஊசி போற அளவுக்கு ஒரு காத்தோட்டை.
அதுக்குள்ளை மஞ்சளாய் ஏதோ இறுகிக் கிடந்தது.
நகத்தாலை கிண்டி மணந்தேன்.
உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம்.

எங்கடை வீட்டுச் சவுக்காரம்.

போன மாதம் நான் காய்ச்சலிலை கிடக்க
தாங்கியைத் தூக்கிக்கொண்டு போய்
வரிசையிலை நிண்டு நிரப்பி
பஸ்ஸிலை கொண்டந்தவள் ஜெசிந்தா.
ஒரு சொட்டுச் சிந்தினாலும் இறக்கிவிடுவன் எண்டானாம் கண்டக்டர்.
கடையிலை வாங்கின கட்டியிலை ஒரு கிள்ளுக் கிள்ளி அடைச்சு
மடியிலை வைச்சுக் கொண்டந்து
"சிந்தவே இல்லை, தெரியுமோ"
எண்டு கட்டில் காலடியிலை நிண்டு சொன்னவள்.
நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தனான்.

"அக்காட்டைச் சொல்லப்போறியோ?" எண்டான் யூட்.
நான் ஒன்பதினாயிரத்தை நினைச்சுக்கொண்டிருந்தேன்.
பிறகு கட்டில் காலடியை.

இரவு, சோத்தைப் போட்டுக்கொண்டு கேட்டாள்:
"என்ன பிழையாம்?"
"காத்து" எண்டேன்.
"கடலிலையோ காத்தில்லாமல்?"
எண்டு குழம்பை ஊத்தினாள்.

ரெண்டு நாள் நல்லாய் ஓடினது.
திங்கட்கிழமை வெளிச்சவீட்டுக்கு இஞ்சாலேயே நிண்டது.
இந்தமுறை செருமல் இல்லை, ஒரு விக்கல்.
யூட் மூடியைத் திறந்தான். ஸ்ஸ் இல்லை.
உருண்டை கெட்டியாய் நிமிந்திருந்தது.
பிளக்குச் சாவியைத் தேடி நான் குனிய
அவன் கரைப் பக்கம், கோயில் கோபுரத்தைப் பாத்துக்கொண்டு
"அந்த மூண்டு கட்டு
இன்னும் குடுக்கேல்லை" எண்டான்.