ஆறாயிரத்து அறுநூற்றைம்பது மைல்

வடக்கு டகோட்டா, மைனஸ் ஒன்பது.
கொட்டகைத் தரையில்
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து
முதுகால் ஊர்ந்து
பிக்கப்பின் வயிற்றடியில் நுழைகிறேன்.

பதினைந்தாம் நம்பர் ஸ்பேனருக்குத்
திருகு வழிவிட்டது.
முதலில் கயிறாய், பிறகு நூலாய்
இறங்குகிறது கரிய எண்ணெய்.
முழங்கை வரை சூடு.

ஃபில்டர் அசைய மறுத்தது.
ஆர்விட் மாட்டியது. எதையும்
தேவைக்கு மேல் இறுக்குவான்.
பட்டையைப் போட்டு இழுத்ததும்
முனகிக்கொண்டே கழன்றது.

அதன்மேல் மார்க்கர் பேனாவில் அவன் எழுத்து:
செப்டம்பர். 1,12,400.

மீட்டரில் இன்று
1,19,050.

தீவனக் கடை பன்னிரண்டு மைல்.
சர்ச் ஒன்பது.
மினாட் மருத்துவமனைக்கு இரண்டு முறை.
பனியில் ஆறு வாரம் வண்டி கிடந்தது வேறு.
எப்படிக் கூட்டினாலும்
மூவாயிரத்தைத் தாண்டவில்லை.

மீதி
இந்தச் சட்டியில்தான் கிடக்கிறது,
என் முகத்தைக் காட்டிக்கொண்டு.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில்
விரலால் எண்ணெய் தடவி
கையால் மட்டும் திருகுகிறேன்.
எழுதுகிறேன்: மார்ச். 1,19,050.
எண்களைக் கொஞ்சம் பெரிதாகவே.

காபி வாசனையோடு கதவு திறக்கிறது.
"முடிஞ்சுதா?"

"எஞ்சினை ஓடவிட்டு
எங்க கசியுதுன்னு பார்க்கணும்" என்கிறேன்.